மலிவு விலை போல்ட் ரைஃபிள்: எங்கே மிச்சம் பிடித்தார்கள், எங்கே இடிக்கும்?

2025 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கூட்டத்தில் வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். புலனாய்வு அதிகாரிகள் கைப்பற்றியதாகச் சொன்ன ஆயுதம், மவுசர் வகை போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இயக்க வேண்டிய நீளத் துப்பாக்கி. அந்தச் செய்தி வந்ததும் பலர் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்பு இன்றைக்கும் எப்படிப் புழக்கத்தில் இருக்கிறது? துப்பாக்கித் தடை என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்த வகையை மட்டும் ஏன் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்?

பழைய வடிவமைப்புதான், ஆனால் சந்தை பழையதல்ல. அமெரிக்கக் கடைகளில் புத்தம் புதிய போல்ட் ரைஃபிள் 400, 500 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கியவர் பேரலை மாற்றலாம், ஸ்டாக்கை மாற்றலாம், ட்ரிகரை மாற்றலாம். "மலிவு" என்பதும் "உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் விளம்பரங்களில் சேர்ந்தே வரும். அது தற்செயல் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. தொழிற்சாலை எந்தெந்த இடத்தில் செலவை மிச்சம் பிடித்ததோ, பெரும்பாலும் அதே இடங்கள்தான் மாற்றிக்கொள்ள வசதியான இடங்களாக ஆயின. அவற்றில் ஒன்றிரண்டு ஆபத்தான இடங்களும்கூட.

தாழ்ப்பாள் மாதிரி ஓர் இயந்திரம்

பழைய வீட்டுக் கதவில் இருக்கும் இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையான ஒரு கம்பி, அதில் ஒரு கைப்பிடி. கம்பியை முன்னால் தள்ளிக் கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் திறந்துகொள்ளும். ரைஃபிளில் இருக்கும் போல்ட்டும் இதே அசைவில்தான் வேலை செய்கிறது.

சுட்ட பிறகு கைப்பிடியைத் தூக்கும்போது பூட்டு விடுபடுகிறது. போல்ட்டின் முனையில் ஒரு சின்னக் கொக்கி தோட்டாவின் அடி விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கும். பின்னால் இழுத்தால் காலியான பித்தளைக் கூடு, சூடாறாமல், பக்கவாட்டில் துள்ளி விழும். மறுபடி முன்னால் தள்ளும்போது கீழே மேகசினில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவைப் போல்ட் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். கைப்பிடியை மடக்கினால் பூட்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் இந்த நான்கு அசைவையும் கைதான் செய்ய வேண்டும். ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த வேலையைச் சூட்டிலிருந்து வரும் வாயுவே செய்துவிடும். ட்ரிகரை மட்டும் மறுபடி அழுத்தினால் போதும்.

மேலே போவதற்கு முன் சில பெயர்கள்:

1. ரிசீவர்: போல்ட் ஓடும் கூடு. மற்ற எல்லாம் இதில்தான் பொருத்தப்படும்.
2. பேரல்: குழல். அதன் பின்முனையில் தோட்டா உட்காரும் குழிக்கு சேம்பர் என்று பெயர்.
3. லக்: போல்ட்டின் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள். கைப்பிடியை மடக்கும்போது இவை திரும்பி ரிசீவரின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பூட்டு என்றது இதைத்தான்.
4. ஸ்டாக்: தோளில் சார்த்திக் கையில் பிடிக்கும் கட்டை. முன்பு மரம், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்.
5. ட்ரிகர்: விரல் அழுத்தும் விசையும் அதற்குப் பின்னால் இருக்கும் நெம்புகளும்.

அந்தப் பூட்டு எவ்வளவு தாங்க வேண்டும் என்று பார்த்தால்தான் பின்னால் வரும் ஆபத்து புரியும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் .308 தோட்டா வெடிக்கும்போது சேம்பரில் உண்டாகும் அழுத்தத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32. கிட்டத்தட்ட 1,900 மடங்கு அழுத்தம், சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குல தூரத்தில்.

போல்ட் முறையில் இயங்கிய முதல் முக்கியமான ராணுவத் துப்பாக்கி, 1841-ல் பிரஷ்யா ஏற்றுக்கொண்ட டிரைசே. இன்றைய வடிவம் முழுமை பெற்றது 1898-ல் வந்த ஜெர்மானிய மவுசரில். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டும் இதே குடும்பம்தான். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகி, நம் ஊர்க் காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய "த்ரீ நாட் த்ரீ" அதுதான்.

உபரி ரைஃபிள்களின் காலம்

மலிவான போல்ட் ரைஃபிள் என்பது இப்போது வந்த புதுமை இல்லை. இரண்டு உலகப் போர்கள் முடிந்ததும் பல நாட்டு ராணுவங்களின் கிடங்குகளில் லட்சக்கணக்கில் ரைஃபிள்கள் தேங்கின. அமெரிக்க வியாபாரிகள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றார்கள். வாங்கியவர்கள் நீளமான ராணுவ மரக்கட்டையை அறுத்துச் சிறிதாக்கினார்கள், ஸ்கோப் பொருத்தத் துளையிட்டார்கள், தேய்ந்த பேரலைக் கழற்றி வேறு தோட்டாவுக்கான பேரலை மாட்டினார்கள். ஜெர்மன் ராணுவத்தின் மவுசர் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. அதே மவுசர் அமைப்பில் அமெரிக்காவின் .30-06 தோட்டாவுக்கான ரைஃபிள்கள், தொழிற்சாலையில் செய்தவையும் இப்படி மாற்றியவையுமாக, ஏராளமாக உண்டு. மாற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே இப்படித்தான் வேர்விட்டது.

இந்த மலிவுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. 1963 நவம்பரில் அதிபர் ஜான் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், இத்தாலிய ராணுவத்தின் உபரியான கர்கானோ. சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபால் மூலம் வாங்கப்பட்டது. ஸ்கோப்போடு சேர்த்து விளம்பர விலை 19 டாலர் 95 சென்ட். ஐந்து வருஷம் கழித்து, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலைகளும் சேர்ந்த பிறகு, 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வெளிமாநிலக் கடையிலிருந்து துப்பாக்கியைத் தபாலில் நேராக வீட்டுக்கு வரவழைப்பது அதோடு நின்றது. வெளிநாட்டு ராணுவ உபரி இறக்குமதிக்கும் கடிவாளம் விழுந்தது. ஆக, மலிவான ரைஃபிள் வேண்டுமென்றால் இனி அமெரிக்கத் தொழிற்சாலைதான் அதைச் செய்ய வேண்டும்.

தொழிற்சாலையில் செலவு குறைந்த நான்கு இடங்கள்

1. ரிசீவரின் வடிவம். மவுசர் 98-ன் ரிசீவர், இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கி, அப்புறம் பல கட்டங்களில் செதுக்கி எடுக்கப்படும் துண்டு. நேரமும் கைத்திறனும் நிறைய வேண்டும். ரெமிங்டன் நிறுவனம் 1948-ல் கொண்டுவந்த 721, 722 மாடல்களிலும், அவற்றைச் செம்மைப்படுத்தி 1962-ல் வெளியிட்ட 700-லும் ரிசீவரை உருளையாக்கியது. உருளை என்றால் லேத்தில் கடைந்து எடுத்துவிடலாம். சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்கும் கட்டையையும் ரிசீவரோடு சேர்த்துச் செதுக்காமல், தடித்த வாஷர் போலத் தனியாகச் செய்து பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள்.

2. பேரலைப் பொருத்தும் முறை. நான்கில் முக்கியமானது இதுதான். தோட்டா சேம்பரில் உட்கார்ந்ததும், அது முட்டி நிற்கும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது உயிர் போகிற விஷயம். அந்த அளவுக்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான் இதில் அனுமதி. பழைய முறையில், அனுபவமுள்ள தொழிலாளி ஒவ்வொரு பேரலையும் அதற்குரிய ரிசீவருக்கு ஏற்றபடி கடைந்து, பொருத்திப் பார்த்து, மறுபடி கடைந்து சரிசெய்வார். 1958-ல் வந்த சேவேஜ் நிறுவனத்தின் 110 மாடல் இந்தச் சிக்கலை ஒரு நட்டால் தீர்த்தது. பேரல் மரையில் திருகி உள்ளே போகிறது. சரியான அளவு வந்ததும் வெளியில் இருக்கும் பெரிய நட்டை இறுக்கினால் பேரல் அங்கேயே நின்றுவிடும். கடைசல் வேலை ஒரு திருகல் வேலையாக மாறிவிட்டது.

3. ஸ்டாக். வால்நட் மரத்தைச் செதுக்கி மெருகேற்றுவதற்குப் பதில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். மழையில் ஊறாது, வெயிலில் வளையாது, செலவும் மிகக் குறைவு.

4. பளபளப்பு. ஆழமான நீலக் கருமைப் பூச்சு, போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும்படி தேய்த்த மெருகு, எஃகு மேகசின் எல்லாம் போயின. மேட் பூச்சும் பிளாஸ்டிக் மேகசினும் வந்தன.

2010 வாக்கில் வந்த சேவேஜ் ஆக்ஸிஸ், 2011 கடைசியில் அறிவிக்கப்பட்ட ரூகர் அமெரிக்கன் ஆகிய இரண்டும் இந்த நான்கு வழியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட மாடல்கள். ரூகர் அமெரிக்கன் வந்தபோது நிறுவனம் குறித்த விலை 449 டாலர்.

மிச்சம் பிடித்தும் குறி தப்பாதது ஏன்?

விலை குறைந்தால் துல்லியமும் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படி நடக்கவில்லை. துல்லியத்தை முதலில் தீர்மானிப்பது பேரலின் உட்பரப்பும் சேம்பரின் நேர்த்தியும்தான். கணினி வழிநடத்தும் கடைசல் இயந்திரங்களும், பேரலைக் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து வடிவாக்கும் இயந்திரங்களும் வந்த பிறகு, ஆயிரமாவது பேரலும் முதல் பேரல் மாதிரியே வருகிறது. மனிதக் கை தேவைப்பட்ட இடத்தில் இயந்திரம் வந்ததால் விலையும் குறைந்தது, ஒழுங்கும் கூடியது.

துல்லியத்தை அளக்கும் அலகு எம்ஓஏ. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம். 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், பேச்சு வழக்கில் ஓர் அங்குலம் என்பார்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியைச் சுமார் 8 அங்குல வட்டமாக வேட்டைக்காரர்கள் கணக்கிடுவார்கள். 1.5 எம்ஓஏ தரும் மலிவு ரைஃபிள் 200 கஜத்தில் சுமார் 3 அங்குலத்துக்குள் சுடும். அந்த வேலைக்கு இது தாராளம். அமெரிக்காவில் இவற்றை வாங்கும் பெரும்பாலோருக்கு வருஷத்தில் சில நாள் மான் வேட்டைதான் தேவை. அவர்களைப் பொறுத்தவரை 500 டாலர் ரைஃபிளுக்கும் 3,000 டாலர் ரைஃபிளுக்கும் காட்டில் வித்தியாசம் தெரியாது.

ஆனால் "ஓர் அங்குலத்துக்குள் சுடும்" என்ற உத்தரவாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் மூன்று தோட்டாவை வைத்துத்தான் அதைச் சொல்கிறார்கள். தாயக்கட்டையை மூன்று தடவை உருட்டிவிட்டு அதன் குணத்தைச் சொல்வது மாதிரிதான் அது. ஒரே ரைஃபிள், ஒரே ஆள், ஒரே பெட்டித் தோட்டா. முதல் மூன்று முக்கால் அங்குலத்துக்குள் விழும், அடுத்த மூன்று ஒன்றரை அங்குலத்துக்குப் பரவும். இரண்டுமே இயல்பு. பத்து, இருபது தோட்டாவைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு ரைஃபிளின் உண்மையான பரவல் தெரியும். இணையத்தில் பெருமையாகப் போடும் மூன்று துளைப் படங்களை நம்பி யாரும் காசைச் செலவழிக்கக் கூடாது.

ஸ்டாக்கை அழுத்திப் பாருங்கள்

துல்லியத்தில் மலிவு வெளிப்படும் இடம் பேரல் இல்லை, ஸ்டாக்.

சுடும்போது பேரல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் தோட்டாவும் ஒரே இடத்துக்குப் போகும். அதற்காகப் பேரல் எதிலும் படாமல், ரிசீவரிலிருந்து அந்தரத்தில் நிற்கும்படி அமைக்கிறார்கள். ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். கடையில் ஒரு ரூபாய் நோட்டு அகலத்துக்குக் காகிதத்தை மடித்து அந்த இடைவெளியில் விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பார்த்தால் தடையில்லாமல் போகும். இப்போது ஸ்டாக்கின் முன்பகுதியைப் பெருவிரலால் பேரலை நோக்கி அழுத்துங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் பிளாஸ்டிக் வளைந்து, காகிதம் மாட்டிக்கொள்ளும். மணல் மூட்டையிலோ இருகால் தாங்கியிலோ ரைஃபிளைச் சாய்த்துவைத்துச் சுடும்போதும் இதேதான் நடக்கிறது. ஒரு சூட்டில் ஸ்டாக் பேரலைத் தொடும், அடுத்ததில் தொடாது. பேரல் நல்ல பேரலாக இருந்தும் தோட்டா சிதறும்.

ஆகவே மாற்றுவதாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது ஸ்டாக்தான். ஆனால் பலர் முதலில் கை வைப்பது ட்ரிகரில். அதற்கு வருகிறேன்.

மாற்றிக்கொள்ளலாம் என்றால், எதை எதோடு?

நம் வீடுகளில் இருக்கும் பல்பு ஹோல்டர் பெரும்பாலும் ஒரே அளவு. எந்தக் கம்பெனி பல்பும் பொருந்தும். ஹோல்டர் வேறுபட்டால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ரைஃபிளில் அந்த ஹோல்டர் மாதிரி இருப்பது ரிசீவரின் அடிப்பகுதி: திருகுகளுக்கு நடுவே உள்ள தூரம், உதைப்புக் கட்டையின் இடம், ட்ரிகர் மாட்டும் ஊசித் துளைகள்.

இதில் ரெமிங்டன் 700-தான் ஊரறிந்த அளவு. அறுபது வருஷமாக லட்சக்கணக்கில் விற்றதால், உதிரி செய்பவர்கள் எல்லோரும் அதற்கே முதலில் செய்தார்கள். பிறகு ஸ்பெயினின் பெர்காரா போன்ற நிறுவனங்கள் தங்கள் ரிசீவரையே அதன் அளவில் வடிவமைத்தன. 2018-லும் 2020-லும் ரெமிங்டன் நிறுவனம் திவால் ஆனது. அதன் அளவு மட்டும் சந்தையில் அப்படியே தங்கிவிட்டது. மேகசினில் இதே இடத்தைப் பிடித்திருப்பது பிரிட்டனின் அக்குரசி இன்டர்நேஷனல் வகுத்த வடிவம்.

மலிவு மாடல்களில் பலவற்றுக்குத் தனித்தனி அளவு. "மாற்றிக்கொள்ளலாம்" என்று எல்லா விளம்பரமும் சொன்னாலும், ஒரு மாடலுக்கு இருபது வகை ஸ்டாக் கிடைக்கும், இன்னொன்றுக்கு இரண்டுதான் கிடைக்கும். வாங்கும் முன் உதிரிக் கடைகளின் பட்டியலைப் பார்க்காமல் ரைஃபிளின் விலையை மட்டும் பார்த்தவர்கள் பிற்பாடு மாட்டிக்கொள்கிறார்கள்.

தோட்டா விஷயத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஜெர்மனி 1888-ல் ஏற்ற 8 மில்லிமீட்டர் தோட்டாவின் அடிவிட்டம் கிட்டத்தட்ட 0.473 அங்குலம். அந்த அளவையே .30-06 எடுத்துக்கொண்டது. அதிலிருந்து .308 வந்தது, .243 வந்தது. 2007-ல் ஹோர்னடி என்ற தோட்டா நிறுவனம் வெளியிட்ட 6.5 கிரீட்மோர் தோட்டாவும் அதே அடிவிட்டம்தான். அதனால் .308-ஐ 6.5 கிரீட்மோராக மாற்றப் போல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. பேரலை மட்டும் மாற்றினால் போதும். நட்டு முறையில் அமைந்த ரைஃபிளில் அதற்கு லேத்தும் வேண்டாம்.

நன்மைகள், சுருக்கமாக

1. தொடங்குவதற்கான செலவு குறைவு. இளைஞருக்கோ புதிதாக வேட்டை பழகுபவருக்கோ அது பெரிய விஷயம்.
2. உடம்புக்குப் பொருத்தமாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாக்கின் நீளத்தையும் கன்னம் படும் உயரத்தையும் மாற்ற முடிவது குட்டையான ஆட்களுக்கும், பெண்களுக்கும் உண்மையான உதவி. பழைய ரைஃபிள்கள் ஏதோ ஒரு சராசரி ராணுவ வீரனை மனத்தில் வைத்து அளக்கப்பட்டவை.
3. தேய்ந்த பேரலை மட்டும் மாற்றலாம். முழு ரைஃபிளையும் தூக்கிப் போட வேண்டாம்.
4. அசையும் பாகம் குறைவு, கோளாறும் குறைவு. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பேரலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கண்ணால் பார்த்துவிடலாம். பாதுகாப்பு என்ற கணக்கில் போல்ட் ரைஃபிளின் தலையாய நன்மையே இதுதான் என்று நினைக்கிறேன்.

இடிக்கும் இடங்கள்

முதலில் காசு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ரைஃபிள் 500 டாலர். அலுமினியச் சட்டக ஸ்டாக் 400. ட்ரிகர் 150. புதுப் பேரல் 400. மொத்தம் 1,450. இதே பணத்துக்கு இவை எல்லாம் ஏற்கெனவே பொருந்திய ரைஃபிள் தொழிற்சாலையிலிருந்தே கிடைக்கும்; 2015-ல் ரூகர் பிரிசிஷன் ரைஃபிள் வந்தபோது குறித்த விலை 1,399 டாலர்தான். அதோடு, நாமே மாற்றிய ரைஃபிளை விற்கப் போனால் உதிரிகளுக்குப் போட்ட காசு திரும்பி வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்வதால் வலி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய செலவு தோட்டா. போட்டித் தர 6.5 கிரீட்மோர் தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகைப் பேரல் 2,000 முதல் 3,000 சூடு வரை நல்ல துல்லியம் தரும் என்பது பொதுவான கணக்கு. 2,500 என்று எடுத்தாலும் ஒரு பேரலின் ஆயுளுக்குள் தோட்டாவுக்கே 3,750 டாலர் போகிறது. 500 டாலர் ரைஃபிளுக்கு 400 டாலர் உதிரி வாங்கும் ஒருவர் அந்த 400-ஐத் தோட்டாவில் போட்டுப் பயிற்சி எடுத்தால் குறி அதிகம் தேறும். ஸ்டாக் வளையும் ரைஃபிளுக்கு மட்டும் இதில் விலக்கு.

அடுத்தது ட்ரிகர். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ரெமிங்டன் 700-ல் பல பத்தாண்டுகள் இருந்தது மைக் வாக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்த ட்ரிகர். அதில் விசைக்கு முன்னால் ஒட்டாமல் நிற்கும் ஒரு சின்னத் துண்டு உண்டு. சுட்டபின் அது சரியான இடத்துக்குத் திரும்பாமல் போனால், விரல் படாமலேயே துப்பாக்கி வெடிக்கலாம் என்று வழக்குகள் வந்தன. காயங்களும் சாவுகளும் நேர்ந்ததாகக் குடும்பங்கள் வாதிட்டன. வடிவமைப்பில் குறையே இல்லை என்று நிறுவனம் மறுத்தது. கடைசியில், குறையை ஒப்புக்கொள்ளாமலேயே ட்ரிகரை இலவசமாக மாற்றித் தரச் சம்மதித்தது. அந்த உடன்பாடு 2018-ல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. அதில் அடங்கிய துப்பாக்கிகள் சுமார் 75 லட்சம். மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்தவர்கள் மிகச் சிறிய பகுதியினரே. மிச்சம் எல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கின்றன, கைமாறிக்கொண்டும் இருக்கின்றன.

அந்த ட்ரிகருக்குப் பதிலாக வந்த எக்ஸ்-மார்க் புரோவிலும் சிக்கல் வந்தது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்தவற்றை நிறுவனமே திரும்ப அழைத்தது. காரணம், பொருத்தும்போது பூசிய பசை சிலவற்றில் அளவுக்கு அதிகமாக இருந்தது. ஒரு சொட்டுப் பசை!

பயிற்சி பெற்ற ஆட்களும் பரிசோதனைக் கூடமும் உள்ள ஒரு தொழிற்சாலையிலேயே இது நடந்தது என்றால், வீட்டு மேஜையில் காணொளி பார்த்துக்கொண்டு ட்ரிகர் ஸ்பிரிங்கை இலேசாக்குபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். விசை இலேசாக இருந்தால் குறி அசையாது என்பது உண்மை. ஆனால் குளிரில் எண்ணெய் இறுகியபோதும், தூசி புகுந்தபோதும், ரைஃபிள் கைதவறி விழுந்தபோதும் அந்த இலேசான விசை பிடித்து நிற்குமா என்பதை அவர் சோதித்திருக்க மாட்டார். சேவேஜ் 2002 வாக்கில் கொண்டுவந்த அக்குட்ரிகரில் விசையின் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும். விரல் அந்தத் தகட்டை அழுத்தாமல் விசை விடுபட்டால் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி முன்னே போக முடியாது. ட்ரிகர் மாற்றுவதாக இருந்தால், இந்த மாதிரித் தடுப்புள்ள, முழுதாகப் பொருத்தி விற்கப்படும் ட்ரிகரை வாங்கித் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டுவதே சரி.

மூன்றாவது, பேரல் மாற்றம். நட்டு முறை எளிது என்றேன். அந்த எளிமையே ஆபத்தாகவும் ஆகலாம். ஹெட்ஸ்பேஸைச் சரிபார்க்க இரண்டு எஃகு அளவுக்கட்டைகள் உண்டு. ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக் கூடாது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, இடைவெளி அதிகமாக விட்டு இறுக்கிவிட்டால், பித்தளைக் கூடு நீண்டு கிழியும். அந்த 62,000 பவுண்டு அழுத்த வாயு பின்பக்கமாக, முகத்தை நோக்கி வழி தேடும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். ஒரே போல்ட்டில் பல தோட்டா பொருந்துவதால், மாற்றிய பேரலின் மேல் எந்தத் தோட்டாவுக்கானது என்று தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த ரைஃபிள் மகனிடமோ அடுத்து வாங்குபவரிடமோ போகும். பொறிப்பு இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் எதைத் துப்பாக்கி என்கிறது?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி போல்ட் ரைஃபிளில் "துப்பாக்கி" என்பது ரிசீவர் மட்டும். வரிசை எண் அதில்தான் இருக்கும். உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது பின்னணிச் சோதனை நடப்பதும் அதற்குத்தான். பேரல், ஸ்டாக், ட்ரிகர், போல்ட் எல்லாம் வெறும் உதிரிகள். தபாலில் வீட்டுக்கு வரும். மாற்றிக்கொள்ளும் சந்தை அங்கே இவ்வளவு பெருத்ததற்கு அடிப்படைக் காரணம் இந்த ஒரு வரையறை.

பிரிட்டனில் பேரலும் கட்டுப்பாட்டுக்குள் வரும். இன்னொரு பேரல் வேண்டுமென்றால் காவல்துறை தரும் சான்றிதழில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் பாகம் எதுவோ அதைப் பதிவு செய் என்ற இந்த முறைதான் பொருத்தமாகப் படுகிறது. ஹெட்ஸ்பேஸில் நேரும் தவறும், பெயர் பொறிக்காத பேரலும் யார் கண்ணிலும் படாமல் கைமாறுவது இதனால் கடினமாகும்.

தடைப் பேச்சில் போல்ட் வகை ஏன் தப்பிக்கிறது என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். பிரிட்டனில் 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பிறகு 1988-ல் வந்த சட்டமும், ஆஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு வந்த ஒப்பந்தமும், நியூசிலாந்தில் 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு வந்த சட்டமும் குறிவைத்தது குறுகிய நேரத்தில் நிறையப் பேரைச் சுடக்கூடிய அரைத் தானியங்கிகளை. அந்தக் கணக்கில் போல்ட் ரைஃபிள் மெதுவானது. பயிற்சி பெற்றவர் கையில் அவ்வளவு மெதுவல்ல: முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் வீரர்கள் லீ-என்ஃபீல்டில் நிமிஷத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் அரைத் தானியங்கியோடு ஒப்பிட முடியாது. தூரத்திலிருந்து ஒரே ஒருவரை நோக்கிச் சுடும் ஆபத்தை இந்தச் சட்டங்கள் தடுக்கவில்லை. விவசாயமும் வேட்டையும் நடக்கும் நாடுகள் தெரிந்தே எடுத்த முடிவு அது. யூட்டா செய்திக்குப் பிறகு எழுந்த கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் இந்தச் சந்தையே கிடையாது. 1959 ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி இரண்டுதான். .303 தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் உரிமம் உள்ள பொதுமக்களுக்கு அரசுத் தொழிற்சாலை .315 போல்ட் ரைஃபிளைச் செய்து விற்கிறது. வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டிப்போட்டுவிட்டதால் பேரலை மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

விலை இப்போது எந்தப் பக்கம் போகிறது?

2023 கடைசியில் ரூகர் அமெரிக்கனின் இரண்டாம் தலைமுறை வந்தது. உயரமும் நீளமும் மாற்றக்கூடிய ஸ்டாக், முனையில் மரை வெட்டிய பேரல், பெரிய போல்ட் கைப்பிடி, மூன்று நிலைப் பாதுகாப்புப் பூட்டு. வாங்கியவர்கள் பத்து வருஷமாகத் தங்கள் காசில் மாற்றிக்கொண்டிருந்தவற்றில் பலதைத் தொழிற்சாலையே போட்டுக் கொடுத்துவிட்டது. விலை 449-லிருந்து 700 டாலரைத் தாண்டியிருக்கிறது. ட்ரிகரையும் ஹெட்ஸ்பேஸையும் தாங்களே தொட நினைக்காதவர்களுக்கு இந்தக் கூடுதல் 250 டாலர் நியாயமான செலவுதான்.